வேர்ஜீனியாவும் பெரீக்கும்: புதிதாகச் சுங்கான் பிடிப்பவர் எந்தக் கலவையில் தொடங்குவது?

கேள்வி: வெள்ளவத்தைவாசி (ஒக்டோபர்)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 44. கோட்டையில் ஒரு தேயிலை ஏற்றுமதி அலுவலகத்தில் நெடுங்காலம் கணக்காளராக இருந்த என் பெரியப்பா சென்ற ஆண்டு காலமானபோது, அவருடைய இரண்டு சுங்கான்களைப் பெரியம்மா என்னிடம் தந்தார். இரண்டும் பிரையர் வேர்க்கட்டையில் கடைந்தவை. ஒன்று நேரான தண்டுடையது, மற்றது வளைந்தது. சிறுவயதில் அவருடைய மேசை மேலிருந்த நீல நிறக் கப்ஸ்டன் புகையிலைப் பேணியைத் திருட்டுத்தனமாகத் திறந்து முகர்ந்து பார்த்திருக்கிறேன். காய்ந்த வைக்கோலும், போறணையிலிருந்து அப்போதுதான் எடுத்த பாணும் சேர்ந்தாற்போன்ற அந்த மணம் இன்றும் நினைவில் நிற்கிறது. அதைத் தேடித்தான் இந்த வயதில் சுங்கானைக் கையில் எடுத்தேன்.

வெளிநாட்டிலிருந்து வந்த நண்பர் ஒருவர் தூய வேர்ஜீனியா பிளேக் ஒரு பேணி கொண்டுவந்து தந்தார். பலகை பலகையாக அடுக்கியிருந்த அந்தப் புகையிலையைக் கையால் உதிர்த்து, கிண்ணத்தை நிரப்பிப் பற்றவைத்தேன். முதல் ஐந்து நிமிடம் இனிப்பாக இருந்தது. அணைந்துவிடுமோ என்ற பயத்தில் விடாமல் இழுத்தேன். அதன் பிறகு சுவை எதுவும் தெரியவில்லை, சூடுதான் தெரிந்தது. நாக்கின் நுனி வெந்து, இரண்டு நாள் இளஞ்சூட்டுத் தேநீர் கூடக் குடிக்க முடியவில்லை. அந்தப் பேணியில் பாதி இன்னும் அப்படியே கிடக்கிறது.

வேர்ஜீனியாவுடன் பெரீக் என்ற புகையிலையைச் சேர்த்தால் இந்த எரிவு குறையும் என்று ஒருவர் சொல்கிறார். பெரீக் மிகக் கடுமையானது, புதியவர் அதன் பக்கமே போகக்கூடாது என்று மற்றவர் சொல்கிறார். ஜேர்மனியில் எசன் நகரில் இருக்கும் என் அத்தான் மார்கழி விடுமுறைக்கு வருகிறார். மூன்று சிறிய பேணிகள் கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்த மூன்றும் எவையாக இருக்க வேண்டும்? பெரீக் என்பது உண்மையில் என்ன? என் நாக்கு வெந்ததற்குப் புகையிலை காரணமா, நான் காரணமா? அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


மறுமொழி: பழையசுங்கான், கொட்டாஞ்சேனை

தம்பி, உங்கள் பெரியப்பாவின் கப்ஸ்டனில் பெரீக் கிடையாது, அது வேர்ஜீனியா. ஆகவே நீங்கள் தேடும் மணம் வேர்ஜீனியாவின் மணம்தான் என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெரீக்கைப் பற்றி எவர் எதைச் சொன்னாலும், வேர்ஜீனியாவை ஒழுங்காகப் பிடிக்கப் பழகாமல் வேர்ஜீனியா பெரீக் கலவையை எடைபோட முடியாது என்பது என் உறுதியான எண்ணம். அந்தக் கலவைகளில் பெரும்பகுதி வேர்ஜீனியாவேதான்.

வேர்ஜீனியா என்பது இன்று ஓர் ஊரின் பெயரல்ல, ஒரு வகை இலையின் பெயர். பிரேசிலிலும் ஆபிரிக்காவிலும் கூட விளைகிறது. அந்த இலையின் குணத்தைத் தீர்மானிப்பது அதைப் பாடம் செய்யும் முறை. மூடிய கொட்டிலில் இலையைத் தொங்கவிட்டு, புகை உள்ளே வராமல் குழாய் வழியாக வெப்பத்தை மட்டும் செலுத்தி, ஒரு வார காலத்துக்குள் உலர்த்துகிறார்கள். இப்படி விரைவாக உலர்வதால் இலையிலுள்ள சர்க்கரை அழிந்துபோகாமல் அப்படியே தங்கிவிடுகிறது. வட கரோலினாவில் 1839 இல், ஒரு பண்ணையில் அடிமையாக வைக்கப்பட்டிருந்த ஸ்டீவன் என்பவர், இரவில் கொட்டிலின் நெருப்பு அணையப்போவதைக் கண்டு, அவசரத்தில் மரக்கரியைப் போட்டுச் சூட்டைச் சட்டென்று கூட்டினார். காலையில் இலைகள் பொன் மஞ்சளாக நின்றன. இன்று பேணிகளில் நாம் வாங்கும் மஞ்சள் வேர்ஜீனியா முழுவதும் அந்த இரவின் வழிவந்தது. அதைச் செய்தவருக்கு அதன் பயன் எதுவும் போய்ச் சேரவில்லை என்பதையும் நினைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இந்தச் சர்க்கரைதான் வேர்ஜீனியாவின் சிறப்பு, சிக்கலும் அதுவே. நல்ல வேர்ஜீனியா இலையின் எடையில் 10 முதல் 20 விழுக்காடு வரை சர்க்கரை இருக்கும். மெல்ல எரிந்தால் பாணும் தேனும் போல இனிக்கும். வேகமாக எரிந்தால் சூடு ஏறி, இலையிலுள்ள ஈரம் கொதிநீராவியாக நாக்கில் வந்து படும். உங்களுக்கு நேர்ந்தது இதுதான். புகையிலையின் மேல் குற்றமில்லை, உங்கள் மேலும் பெரிய குற்றமில்லை. எல்லாரும் முதல் மாதத்தில் நாக்கைச் சுட்டுக்கொண்டவர்களே. கொதிக்கக் கொதிக்க இருக்கும் பிளேன்டீயை எப்படி உதட்டு நுனியில் உறிஞ்சுவீர்களோ, அவ்வளவு மெல்லத்தான் இழுக்க வேண்டும். அணைந்தால் அணையட்டும், மறுபடி பற்றவைப்பதில் தவறேதுமில்லை. கிண்ணத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். வைத்திருக்க முடியாத அளவுக்குச் சுட்டால், கீழே வைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்து எடுங்கள்.

இனிப் பெரீக். இது அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், நியூ ஓர்லியன்சுக்கும் பட்டன் ரூஜுக்கும் இடையில், மிசிசிப்பி ஆற்றோரமாக உள்ள சென்ட் ஜேம்ஸ் பகுதியில் மட்டும், மிகச் சிறிய நிலப்பரப்பில் விளைவது. சொக்டோ, சிக்கசோ ஆகிய பூர்வகுடி மக்கள் புகையிலையை அழுத்திப் புளிக்கவைத்த முறையைப் பார்த்து, 1824 அளவில் பியேர் செனே என்ற குடியானவர் அதை வணிகமாக வளர்த்தார் என்று சொல்லப்படுகிறது. காற்றில் உலர்ந்த இலையின் நடுநரம்பைக் கையால் உரித்து, முறுக்கிச் சிறு கட்டுகளாக்கி, பழைய விஸ்கி மரப்பீப்பாவுக்குள் அடுக்கி, திருகுப்பொறி கொண்டு இறுக அழுத்துகிறார்கள். இலையின் சாறே வெளியே கசிந்து, அந்தச் சாற்றுக்குள் காற்றுப்படாமல் இலை புளிக்கிறது. இடையிடையே பீப்பாவைத் திறந்து, கட்டுகளை எடுத்துக் காற்றாட வைத்து, மறுபடி அழுத்துவார்கள். குறைந்தது ஒரு வருடம் இப்படிப் போகும். வெளியே வரும் இலை கறுத்து, ஈரப்பசையோடு, புளித்த பழத்தின் வாசனையுடன் இருக்கும். உலர்ந்த அத்திப்பழம், பிளம்ஸ், வினாகிரி, மிளகு எல்லாம் அதில் தெரியும்.

இதைத் தனியாகப் பிடிப்பவர் மிகச் சிலர். சீனிச்சம்பலுக்கு மாசி எப்படியோ, வேர்ஜீனியாவுக்குப் பெரீக் அப்படி. வெங்காயத்தின் இனிப்புக்கு அடியில் மாசி ஓர் ஆழத்தைத் தருகிறது. ஆனால் மாசியை மட்டும் தட்டில் போட்டு எவரும் சாப்பிடுவதில்லை. பெரும்பாலான கலவைகளில் பெரீக் 20 விழுக்காட்டைத் தாண்டாது, பலவற்றில் அதைவிட வெகுவாகக் குறைவு.

அத்தானிடம் சொல்ல வேண்டியது இது. முதலாவது, கப்ஸ்டன்; தங்க நிறப் பேணி மெலிது, நீலப் பேணி சற்றுக் கனம். நீங்கள் நீலத்தை முகர்ந்து வளர்ந்தவர், ஆகவே நீலத்தையே கேளுங்கள். இரண்டாவது, பீட்டர்சன் பெயரில் வரும் எலிசபெதன் மிக்சர். இது பிளேக் அல்ல, நாடா நாடாவாக வெட்டப்பட்டது. உதிர்க்க வேண்டியதில்லை, பெரீக்கும் அடக்கமாக இருக்கும். பழைய கட்டுரைகளில் இதை டன்ஹில் என்று படித்திருப்பீர்கள். டன்ஹில் பெயரில் சுங்கான் புகையிலை வருவது நின்றபின் அதே கலவைகள் பீட்டர்சன் பெயருக்கு மாறின. மூன்றாவது, பெரீக் வெளிப்படையாகப் பேசும் ஒன்று: சொலானி 633, அல்லது இங்கிலாந்தின் கெண்டல் ஊரிலிருந்து வரும் சாமுவேல் கவித் நிறுவனத்தின் சென்ட் ஜேம்ஸ் பிளேக். அத்தான் ஜேர்மனியில் இருப்பதால் சொலானி இலகுவாகக் கிடைக்கும்.

எஸ்கூடோவையும் பலர் சொல்வார்கள். கயிறு போல உருட்டிய புகையிலையை நாணயம் நாணயமாக வட்டு வெட்டியிருப்பார்கள். அழகிலும் சுவையிலும் குறைவில்லை. ஆனால் வட்டை மடித்துத் திணிக்கும் கைப்பழக்கம் வந்தபின் அதற்குப் போகலாம். த்ரீ நன்ஸ் என்ற பெயரையும் பழைய ஆட்கள் பெரீக்குக்கு உதாரணமாகச் சொல்வதுண்டு. இப்போது அந்தப் பேணியில் பெரீக் இல்லை, புகையூட்டிய கென்டக்கி இலை இருக்கிறது. பழைய எழுத்தை நம்பி அதை வாங்கிப் பெரீக்கைத் தேடாதீர்கள்.

எந்தப் பேணியானாலும் அத்தான் அதை விமான நிலையத்தில் சுங்கப் பகுதியினரிடம் அறிவித்து, தீர்வை கேட்டால் கட்டிவிட்டு வரட்டும்.


மறுமொழி: பாடம்போட்டகுடும்பம், பம்பலப்பிட்டி

பழையசுங்கான் ஐயா சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன்; ஆனால் முதலில் தூய வேர்ஜீனியாதான் என்ற இடத்தில் எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு. எங்கள் தாத்தா யாழ்ப்பாணத்தில் புகையிலை வைத்தவர். தென்னை மட்டையும் பொச்சும் எரித்துப் புகையூட்டும் கொட்டிலுக்குள் எங்கள் பிள்ளைப்பருவம் கழிந்தது. அங்கே இலையைக் குவித்துப் பாடம் போட்டுச் சூடேற விடுவார்கள். குவியலுக்குள் கையை விட்டால் சுடும். நடுவில் பிரித்து, மேலது கீழாகவும் கீழது மேலாகவும் மாற்றி அடுக்குவார்கள். பெரீக்கின் பீப்பாவைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்தக் குவியல்தான் கண்முன் வந்தது. இலையின் காரமும் சர்க்கரையும் அந்தச் சூட்டில் வேறொன்றாக மாறிவிடுகின்றன.

இதனால்தான் சொல்கிறேன். பெரீக் புளித்து முடிந்த இலை. அதில் சர்க்கரை மிகக் குறைவு. வேர்ஜீனியாவின் இனிப்போடு அது சேரும்போது கலவை மெதுவாக எரிகிறது, நாக்கைச் சுடும் தன்மையும் தணிகிறது. நான் தூய வேர்ஜீனியாவில் ஆறு மாதம் போராடி, வெறுத்துப்போய் விட்டுவிடும் நிலையில் இருந்தபோது, ரட்ரேஸ் நிறுவனத்தின் ஓல்ட் கவ்ரி கைக்கு வந்தது. சிவந்த வேர்ஜீனியாவில் பெரீக் சிறிதளவே சேர்ந்த கலவை. அன்றுதான் எனக்குச் சுங்கான் வசப்பட்டது. ஆகவே எலிசபெதனையோ ஓல்ட் கவ்ரியையோ முதலில் திறந்து, கப்ஸ்டனை இரண்டாவதாகத் திறக்கும்படி வெள்ளவத்தைவாசிக்குச் சொல்வேன். நாக்கு ஒருமுறை வெந்தவருக்கு மறுபடி தூய வேர்ஜீனியாவையே கொடுப்பது துணிச்சலைக் குலைத்துவிடும்.

யாழ்ப்பாணச் சுருட்டின் காரத்தை எதிர்பார்த்துப் பெரீக்கிடம் போகவேண்டாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சுருட்டின் கனம் புகையூட்டியதால் வருவது. பெரீக்கில் புகை மணமே இல்லை. வெறும் வயிற்றில் பிடித்தால் மட்டும் இரண்டும் ஒன்றுதான்: தலை சுற்றும், குமட்டும். சாப்பிட்ட பிறகு எடுங்கள். தலை இலேசாகச் சுற்றினால் நிறுத்திவிட்டுச் சீனி போட்ட தேநீர் ஒன்று குடியுங்கள்.


மறுமொழி: உப்புக்காற்று, கல்கிசை

எந்தக் கலவை என்பதை முன்னவர்கள் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். நான் ஒரேயொரு விடயத்தைப் பற்றி எழுதுகிறேன், ஏனெனில் கொழும்பில் இதைப் பிழைவிட்டால் எந்தப் பேணியும் பயன் தராது. அது ஈரப்பதம்.

வெளிநாட்டவர் எழுதும் ஆலோசனைகள் எல்லாவற்றிலும் ஒரே வரி இருக்கும்: பிளேக்கை உதிர்த்து, மேசையில் ஒரு மணி நேரம் வைத்து உலரவிட்டுப் பிடியுங்கள். நானும் அப்படியே செய்தேன். கடற்கரைப் பக்கமாகத் திறந்திருந்த சன்னலடியில், பழைய வீரகேசரித் தாளொன்றில் புகையிலையைப் பரப்பி, ஒரு மணி நேரம் கழித்து வந்து தொட்டுப் பார்த்தால், அது முன்பைவிட மெத்தென்று இருந்தது. மழைக்கு முந்திய ஒக்டோபர் மாதத்துப் பின்னேரம் அது. மலிவான ஈரப்பதமானி ஒன்றை வாங்கி அந்தச் சன்னலடியில் வைத்தபோது 84 விழுக்காடு காட்டியது. சுங்கான் பிடிப்பவர்கள் விரும்புவது 60 முதல் 65 விழுக்காட்டுக் காற்றோடு சமநிலைக்கு வந்த புகையிலையை. 84 இல் இருக்கும் காற்றில் அதைப் பரப்பினால் காற்று அதிலிருந்து ஈரத்தை எடுக்காது, அதற்கு ஈரத்தைக் கொடுக்கும். இலண்டன்காரர் வீட்டில், வெப்பமூட்டி ஓடும் குளிர்கால அறையில் உண்மையாக இருப்பது எங்கள் வீட்டில் தலைகீழாகிவிடுகிறது. உங்கள் நாக்கு வெந்ததில் பாதிக் காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

நான் இப்போது செய்வது இது. குளிரூட்டி ஓடும் படுக்கையறையில், காற்று நேரே படாத மூலையில், ஒரு தட்டில் மெல்லிசாகப் பரப்பி 40 நிமிடம் வைக்கிறேன். அந்த அறையில் ஈரப்பதமானி 55 அளவில் நிற்கும். குளிரூட்டி இல்லாதவர்கள் மேசை விளக்கின் கீழ், பல்பிலிருந்து ஒரு முழத்துக்கு அப்பால் வைக்கலாம். இழை பல்பாக இருக்க வேண்டும், எல்.ஈ.டி. பல்பு சூடு தராது. உலர்ந்ததா என்பதை விரல்தான் சொல்லும். ஒரு சிட்டிகையை இரு விரல்களுக்கிடையில் அழுத்தி விட்டால், அது கட்டியாக ஒட்டிக்கொண்டும் இருக்கக்கூடாது, நொறுங்கித் தூளாகவும் கூடாது. மெல்லத் தானாக விரிய வேண்டும். கெண்டலில் செய்யப்படும் பிளேக்குகள் பேணியிலேயே நல்ல ஈரத்துடன் வருபவை, அவற்றுக்கு இன்னும் கூடுதலான நேரம் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் உலர்த்திவிடாதீர்கள், அன்றைக்குப் பிடிப்பதை மட்டும் உலர்த்துங்கள்.

திறந்த பேணி எங்கள் ஊரில் ஒரு கிழமைக்கு மேல் தாங்காது. மூடி இறுகாது, ஈரம் ஏறும், பூஞ்சணம் பிடிக்கும். இறப்பர் வளையமும் உலோக மூடியும் உள்ள கண்ணாடிப் போத்தலுக்கு உடனே மாற்றுங்கள். அச்சாறு இருந்த போத்தல் வேண்டாம், எத்தனை முறை கழுவினாலும் மூடியிலிருந்து அந்த மணம் போகாது. சில மாதம் கழித்து இலையின் மேல் வெள்ளையாக எதையாவது கண்டால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பளிச்சென்று மின்னும் துணுக்குகள் என்றால் அது இலையிலிருந்தே வெளிவந்த படிகம், பயமில்லை. பஞ்சு போலவோ நூல் போலவோ இருந்து, ஊத்தை வாசனை வந்தால் முழுவதையும் எறிந்துவிடுங்கள், மனம் கேட்காவிட்டாலும்.

பெரியப்பாவின் சுங்கான்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிண்ணத்தின் உட்சுவரில் கரி தடித்திருக்கும். ஒரு மில்லிமீற்றர் அளவுக்கு மட்டும் விட்டு மிகுதியைப் பக்குவமாகச் சுரண்டி எடுங்கள். கரி மிகத் தடித்தால் சூட்டில் விரிந்து பிரையரைப் பிளந்துவிடும். தண்டுத் துவாரத்தை மதுசாரத்தில் நனைத்த பஞ்சுக்கம்பியால், கம்பி வெள்ளையாக வெளியே வரும்வரை துடையுங்கள். அவர் வேர்ஜீனியா பிடித்தவர் என்பது உங்கள் அதிர்ஷ்டம். வனிலா வாசனைப் புகையிலை பிடித்த சுங்கானாக இருந்திருந்தால், பெரீக்கின் பழவாசனை அதற்குள் எடுபடாது.

இங்கே எந்தக் கடையில் எது கிடைக்கும் என்று தயவுசெய்து எவரும் எழுத வேண்டாம். 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் புகையிலை விளம்பரத்தைத் தடைசெய்கிறது. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பதையும் தடைசெய்கிறது. இந்தப் பக்கத்தை எந்த வயதினரும் படிக்கலாம்.


மறுமொழி: தெஹிவளைச்சகோதரி

நான் சுங்கான் பிடிப்பவளல்ல. என் தகப்பனார் பிடித்தார். அவருக்கு 61 வயதில் கன்னத்தின் உட்புறம் வெள்ளைப் படலமாகத் தொடங்கியது பிறகு புற்றுநோய் என்று தெரிந்து, மஹரகம வைத்தியசாலைக்கு ஒரு வருடம் கூட்டிக்கொண்டு போய் வந்தோம். சுங்கான் புகையை உள்ளிழுப்பதில்லை, ஆகவே ஆபத்தில்லை என்று அவர் எப்போதும் சொல்வார். நுரையீரலுக்குப் போகாத புகை வாயில்தானே தங்குகிறது. வெள்ளவத்தைவாசி அண்ணா, உங்களைத் தடுக்க நான் யார்? ஆனால் மாதத்துக்கு ஒருமுறை கண்ணாடியில் வாயைத் திறந்து, நாக்கின் ஓரங்களையும் கன்னத்தின் உட்புறத்தையும் பாருங்கள். இரண்டு கிழமையில் ஆறாத புண்ணையோ வெள்ளைத் தழும்பையோ கண்டால் அன்றே பல் வைத்தியரிடம் காட்டுங்கள். பழகாத கையால் நாக்கை அடிக்கடி சுட்டுக்கொள்வதையும் சின்ன விடயமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.


மறுமொழி: வெள்ளவத்தைவாசி (பெப்ரவரி)

அனைவருக்கும் நன்றி, சகோதரிக்கு முதலில். கிழமைக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் என்று வரம்பு வைத்திருக்கிறேன். கண்ணாடிப் பரிசோதனையையும் மாதத்தின் முதல் ஞாயிற்றில் செய்கிறேன்.

அத்தான் கப்ஸ்டன் நீலம், எலிசபெதன் மிக்சர், சொலானி 633 ஆகிய மூன்றையும் கொண்டுவந்தார். அவற்றைத் திறப்பதற்கு முன்பு, நாக்கைச் சுட்ட அந்தப் பழைய பேணியில் மிஞ்சியிருந்ததை உப்புக்காற்று சொன்னபடி குளிரூட்டி அறையில் 45 நிமிடம் வைத்து, மறுபடி பிடித்துப் பார்த்தேன். அதே புகையிலைதான் என்று நம்ப முடியவில்லை. இரண்டு முறை அணைந்தது, இரண்டு முறையும் பற்றவைத்தேன், கன்னத்தில் கிண்ணம் இளஞ்சூடாகவே இருந்தது. பாதிக்கு வந்தபோது அந்தப் பாண் வாசனை வந்தது. பெரியம்மா அப்போது வீட்டில் இருந்தார்; அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்து பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார்.

கப்ஸ்டனைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. எலிசபெதனை இரண்டாவதாகத் திறந்தேன். மஞ்சளும் பழுப்புமான நாடாக்களுக்கிடையில் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கறுத்த இழைகள் தெரிந்தன. அவற்றில் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து முகர்ந்தேன். கறிக்குப் போடும் கொறுக்காய்ப்புளியை மூடிவைத்த பாத்திரத்தைத் திறந்தது போலிருந்தது. பிடிக்கும்போது அந்தப் புளிப்பு தெரியவில்லை. வேர்ஜீனியாவின் இனிப்புக்குக் கீழே பிளம்ஸ் போன்ற ஒரு கனம் மட்டும் இருந்தது. வாயிலிருந்த புகையைச் சிறிது மூக்கு வழியாக விட்டபோது மிளகு சுள்ளென்று தெரிந்தது. பம்பலப்பிட்டி அன்பர் சொன்னது சரி, இது நாக்கைக் கப்ஸ்டனைவிடக் குறைவாகவே தொடுகிறது. ஆனால் பழையசுங்கான் ஐயா சொன்னதும் சரி. தூய வேர்ஜீனியாவை முன்பே ஒழுங்காகப் பிடித்திருந்ததனால்தான் எது வேர்ஜீனியா, எது பெரீக் என்று என்னால் பிரித்தறிய முடிந்தது.

633 எனக்கு இன்னும் எட்டவில்லை. பொன்னிறப் பலகையில் கரும்புள்ளிகள் நெருக்கமாக இருக்கின்றன, மிளகு முன்னுக்கு வந்து நிற்கிறது, கடைசிக் கால்வாசியில் தலை இலேசாகச் சுற்றியது. இரண்டு ஞாயிறு பிடித்துவிட்டு நிறுத்தியிருக்கிறேன். இதைத் தொடர்ந்து பிடித்துப் பழகுவதா, வேறொருவருக்குக் கொடுத்துவிடுவதா என்று ஐயா சொல்ல வேண்டும்.


மறுமொழி: பழையசுங்கான், கொட்டாஞ்சேனை

கொடுத்துவிட வேண்டாம், இப்போது வலிந்து பிடிக்கவும் வேண்டாம். வேர்ஜீனியா காற்றுப்புகாமல் இருக்கும்போது உள்ளுக்குள் மாறிக்கொண்டே இருக்கும். முனைகள் மழுங்கும், பெரீக் அதனோடு இழைந்து போகும். ஐந்து வருடம் வைத்தவற்றை நான் திறந்திருக்கிறேன், மிளகு எங்கே போனதென்று தேட வேண்டியிருக்கும். அவ்வளவு காலம் உங்களுக்குத் தேவைப்படாது. இப்போது கொழும்பில் காற்று வரண்டிருக்கும் மாதம், ஆகவே இந்தக் கிழமையே மிகுதியைப் போத்தலுக்கு மாற்றுங்கள். போத்தலைக் கழுத்துவரை நிரப்புங்கள், உள்ளே வெற்றிடம் குறைவாக இருக்கட்டும்; நிரம்பாவிட்டால் சிறிய போத்தலாக எடுங்கள். மூடியில் மாதத்தையும் ஆண்டையும் எழுதி, வெயில் படாத அலுமாரியின் கீழ்த்தட்டில் வையுங்கள். அடுத்த மார்கழிக்கு அத்தான் வரும்போது அவருடன் சேர்ந்து திறக்கலாம். அதுவரை எலிசபெதன் தீர்ந்துவிட்டால் ஓல்ட் கவ்ரியைக் கேளுங்கள். பம்பலப்பிட்டி அன்பர் சொன்ன அந்தக் கலவையை நானும் விரும்பிப் பிடிப்பவன்.